பாயில் மிதித்த பிரேக்

தூக்கம் வரவில்லை என்று சொல்கிற ஆளைத் தனுஷ்கோடி மனுசக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது வேலையில்லாதவன் வியாதி. தின்றது செரிக்காதவன் வியாதி. அவனுடைய அப்பா ராஜபாளையத்துப் பஞ்சுக் கிட்டங்கியில் பொதி தூக்கியவர். மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டுப் பொதி மேல் சாய்ந்தாரென்றால் மேஸ்திரி வந்து காலால் எத்தினால்தான் கண் திறப்பார். தனுஷ்கோடி சின்னப் பயலாக இருக்கும்போது ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சிணுங்கினான். வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, புழக்கடையில் இந்த மூலையில் கிடந்த விறகையெல்லாம் அந்த மூலையில் கொண்டுபோய் அடுக்கச் சொன்னார். அடுக்கி முடித்தவன் விறகு மேலேயே தூங்கிப்போனான். வைத்தியம் அவ்வளவுதான். அதற்கு மேல் எவன் என்ன சொன்னாலும் அது பணக்காரக் கொழுப்பு என்று நாற்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தான்.

வேன் ஓட்ட வருவதற்கு முன்னால் ஒரு மில் முதலாளியின் மருமகனுக்குக் கார் ஓட்டினான். அந்த ஆளுக்குத் தூக்கம் கிடையாது. ஏசி ரூம், இலவம்பஞ்சு மெத்தை, கால் பிடித்துவிட ஒரு ஆள், இத்தனைக்கும் பிறகு ஒரு வெள்ளி டப்பாவைத் திறந்து மாத்திரையைப் பொறுக்குவார். அதைத் தனுஷ்கோடி டீக்கடையில் நடித்தே காட்டுவான். இரண்டு விரலால் மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "இன்னைக்காவது வருவியாடா" என்று அதனிடம் கெஞ்சுகிற மாதிரி. மில் டிரைவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சேதுபதி என்று ஒரு டிரைவர், ஐம்பதைத் தொட்ட தொந்திக்காரர், அவர்தான் அதிகம் சிரிப்பார். மறுபடியும் செய்யச் சொல்வார்.

தனுஷ்கோடியின் ஊர் கூமாப்பட்டி. விடியும்போது அங்கே வேனை எடுத்து, வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் என்று நிறுத்தி நிறுத்திப் பெண்களை ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டுக்கு இறக்க வேண்டும். சாயங்காலம் அதே ஆட்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். ஏறியதும் தூங்கிவிடுவார்கள். விடிவதற்கு முன்னே எழுந்து சோறு பொங்கி, பிள்ளைகளுக்குக் கட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறவர்கள். ஒருத்தி வாய் இன்னொருத்தி தோளில் ஒழுகும். வேனுக்குள் எண்ணெயும் மல்லிப்பூவும் பழைய குழம்பும் கலந்த வாடை. தனுஷ்கோடிக்கு அவர்களைக் கண்ணாடியில் பார்த்தால் இளப்பம்தான். கோழிக்கூண்டு என்பான்.

தூங்காமல் வருகிறவள் ஒருத்திதான், குருவம்மாள். ஐம்பது வயது. ரிங் ஃபிரேமில் அறுந்த நூலை ஒட்டி ஒட்டி விரல் நுனி தேய்ந்தவள். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் பெட்டி மேல் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். அவளும் ஒரு காலத்தில் பின் சீட்டில் முக்காடு போட்டுத் தூங்கி வந்தவள்தான். இந்தப் பங்குனிக்குப் பிறகு என்ன வந்ததோ, முன்னால் வந்து உட்கார்ந்து ஓயாமல் பேச ஆரம்பித்திருந்தாள்.

பங்குனியில்தான் அது நடந்தது. அல்லது நடக்கவில்லை. கிருஷ்ணன்கோவில் திரும்பும் இடத்தில், புல்லுக்கட்டோடு ஒரு ஆள் டூவீலரில் சடாரென்று குறுக்கே வந்தான். தனுஷ்கோடி பிரேக்கில் ஏறி நின்றான். வேன் நின்றபோது பம்பரில் புல் உரசிக்கொண்டிருந்தது. அந்த ஆள் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான், இவனும் ஒன்று சொன்னான். பெண்கள் முழித்து, இரண்டு பேரையும் சேர்த்து வைதுவிட்டு மறுபடி தூங்கினார்கள். அவ்வளவுதான். ஒருவனுக்கு ஒரு கீறல் கிடையாது.

அதுதான் தனுஷ்கோடிக்குக் கேவலமாக இருந்தது. ஒரு உயிர் போயிருந்தால், ஒரு கை முறிந்திருந்தால், தூக்கம் கெட்டதற்கு ஒரு முகாந்திரம் இருக்கும். ஒன்றுமே ஆகாத ஒன்றுக்காக எவனாவது முழித்துக் கிடப்பானா? அவன் கிடந்தான். படுத்தால் நெஞ்சு தனியாக ஓடும், கியர் விழாத வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்த மாதிரி. கண்ணை மூடினால் புல்லுக்கட்டு வரும். நிற்காமல் போயிருந்தால் என்று ஒரு யோசனை. வலது பக்கம் ஒடித்திருந்தால் கிணறு என்று இன்னொரு யோசனை. வேனுக்குள் தூங்கிக்கொண்டே எல்லோரும் கிணற்றில் விழுகிற மாதிரி. அப்போது வலது கால் தன்னாலே விறைத்துப் பாயை மிதிக்கும். கோரைப்பாயில் கால் பட்ட இடம் நார் நாராகப் பிரிந்துபோனது.

"என்னங்க, பாயில எதுக்கு பிரேக் போடுதீக?" என்றாள் அவன் பெண்டாட்டி மாரிக்கனி. களை எடுக்கப் போகிறவள். தலை சாய்த்தால் விடியும்வரை அசையமாட்டாள். அவளையே முழிக்க வைத்துவிட்டான்.

மூட்டைப்பூச்சி என்றான்.

மூட்டைப்பூச்சிக்கு அவள் பாயை வெயிலில் போட்டாள். பிறகு பாலில் கசகசா அரைத்துக் கொடுத்தாள். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்த அவள் அண்ணன், தான் பனிமலையில் துப்பாக்கியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கியதாகச் சொல்லி, மாப்பிள்ளைக்கு ஒழுக்கம் பத்தாது என்று தீர்ப்புச் சொன்னார். நின்றுகொண்டே தூங்கின ஆளைக் காவலுக்கு வைத்த பட்டாளத்தை நினைத்துத் தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அப்புறம் மாரிக்கனி அய்யனார் கோவிலுக்கு நேர்ந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனாள். சித்திரை வெயிலில் கோவிலை ஒட்டிய அருவி ஒரு கயிற்றின் கனத்துக்கு விழுந்தது. அந்தக் கயிற்றுக்கு ஒரு வரிசை. அதில் முக்கால்வாசி குடித்துவிட்டு நின்றது. முறை வந்து தலையை நீட்டினான், கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டான், சளி பிடித்து வீடு வந்தான். அன்று ராத்திரி முழித்தது மட்டுமல்லாமல் தும்மியும் தொலைத்தான்.

பகலில் இன்னொரு அவமானம். காலையில் பெண்களை இறக்கிவிட்டபின் சாயங்காலம் வரை டிரைவர்களுக்கு மில் வேப்பமரத்தடிதான். ஏழெட்டுப் பேர் துண்டை விரித்துச் சவம் மாதிரி கிடப்பார்கள். அதில் சேதுபதி விடுகிற குறட்டை பஞ்சு உடைக்கிற மிஷினுக்குப் போட்டி. வாய் திறந்திருக்கும், வேப்பம்பூ உள்ளே விழும், தெரியாது. மாதம் ஒரு தடவை மட்டும் அவர் மரத்தடியில் இருக்கமாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கேதம், சொந்தத்தில் ஆள் போய்விட்டது என்று பஸ் ஏறிவிடுவார். அவர் சொந்தம் எல்லாம் வரிசை கட்டிச் சாகிறது என்று பையன்கள் கேலி பேசுவார்கள். தனுஷ்கோடி அவர் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வான். முழித்துக் கிடந்தால் கேட்பார்கள். அதனால் அவனும் குறட்டை விட்டான். பொய்க் குறட்டை. இழுத்து, நிறுத்தி, விட்டு. ஒரு மனுசன் பட்டப்பகலில், தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு, வேறு ஒருவனின் குறட்டைக்குத் தாளம் போட்டுக்கொண்டு கிடந்தான். இவன்தான் அந்த முதலாளி மருமகனைப் பார்த்துச் சிரித்தவன்.

ஒருநாள் துணிந்து ராஜபாளையத்தில் அப்துல் ஹமீது பாய் மெடிக்கல் கடைக்குப் போனான். ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தூக்க மாத்திரை கேட்டான். வீட்டில் மாமியாருக்கு என்றான். டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று ஹமீது பாய் சொல்லிவிட்டு, இவன் கண்ணையே செத்த நேரம் பார்த்தார்.

"வியாழக்கெழம வில்லிபுத்தூரு பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டர் உக்காருவாங்க. ஒங்க மாமியார அங்க கூட்டிட்டுப் போங்க," என்றார். "காசு கெடையாது. மாமியாரு அழுக்குச் சட்ட போட்டுருந்தாலும் பாப்பாங்க."

தனுஷ்கோடிக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. மனநல டாக்டராம். பைத்தியக்கார வரிசையில் போய் நில் என்கிறான் துலுக்கன் என்று வாய்க்குள் வைதுகொண்டே வந்தான். வரும் வழியிலேயே அவனுக்கு வைத்தியம் தெரிந்துபோயிற்று. இத்தனை நாள் அது ஏன் உறைக்கவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. அவன் செய்வது உட்கார்ந்த வேலை. டிரைவர் வேலை எல்லாம் ஒரு வேலையா? அப்பா பொதி தூக்கினார், தூங்கினார். இவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சவாரி போகிறான், தூக்கம் எப்படி வரும்? உடம்பு முறியவில்லை. முறிக்க வேண்டும்.

அய்யனார் கோவில் போகிற ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே தேங்காய் உரிக்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பெண்களை மில்லில் இறக்கிவிட்டு நேரே அங்கே போனான். மண்ணில் நட்ட கூர்க்கம்பியில் தேங்காயைக் குத்தி, நெஞ்சைக் கொடுத்து அழுத்தி, திருகி மட்டையைப் பிய்க்கிற வேலை. பழகாதவனுக்கு முதல் மணி நேரத்திலேயே மணிக்கட்டு கழன்றுவிடும். அங்கே உரிக்கிறவர்கள் இவனைப் பார்த்து டிரைவர் சாருக்கு ஒரு குடை பிடிங்கப்பா என்று சிரித்தார்கள். அவன் பேசாமல் குத்தினான். இரண்டாம் நாள் உள்ளங்கைத் தோல் உரிந்தது, மூன்றாம் நாள் அதன் மேல் துணி சுற்றிக்கொண்டு குத்தினான். ஒரு வாரத்தில் அவர்களுக்குச் சமமாக உரித்தான். மத்தியானம் அவர்கள் மட்டைக் குவியலில் விழுந்து தூங்கினார்கள். அவனும் விழுந்தான். முதுகு விண்விண் என்று தெறித்தது, தோள் இரண்டும் வேறு ஆள் தோள் மாதிரி இருந்தது, கண் எரிந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. வலது கால் தேங்காய் மட்டையை மிதித்தது.

அப்படியென்றால் இன்னும் பத்தவில்லை என்றுதான் அவன் புரிந்துகொண்டான். உரிப்பு முடிந்தபின் லாரிக்கு லோடும் ஏற்றினான்.

இப்படி உடம்பை உடைத்துக்கொண்டு சாயங்காலம் வேனில் ஏறினால் குருவம்மாள் வாய் திறந்துவிடுவாள். அவளுடைய மருமகள் மீன் குழம்பில் புளி ஊற்றுகிற லட்சணத்தில் ஆரம்பிக்கும். சூப்பர்வைசரின் வழுக்கை, வத்திராயிருப்பில் எவள் எவனோடு போனாள், தனுஷ்கோடி கியர் மாற்றுகிற அழகு, எல்லாம் வரும். நடுநடுவே கேள்வி கேட்பாள். பதில் சொல்லாவிட்டால் விலாவில் குத்துவாள். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வான். அக்கா, செத்த நேரம் வாயை மூடிட்டு வா என்று ஒரு நாள் கையெடுத்தே கும்பிட்டான். வாயை மூடினால் வெற்றிலைச்சாறு எங்கே போவது என்றாள்.

வைகாசி கடைசியில் ஒரு சாயங்காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வேன் போய்க்கொண்டிருந்தது. மேற்கே மலை மேல் வெயில் இறங்கி இடது கண்ணாடி வழியாகக் கன்னத்தில் சூடு ஏறியது. பின்னால் எல்லோரும் தூங்கினார்கள். குருவம்மாள் வெற்றிலை மடக்கத் தலையைக் குனிந்திருந்தாள். தனுஷ்கோடி கையில் ஒரு தேங்காய் இருந்தது. அதைக் கம்பியில் குத்துவதற்காக உயர்த்தினான்.

முழங்காலில் இடி விழுந்த மாதிரி இருந்தது. குருவம்மாள் தூக்குச்சட்டியால் அடித்திருந்தாள். இன்னொரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வேன் தார் ரோட்டை விட்டு இறங்கி, ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் ஏறி, முனகி, நின்றது. ஜல்லி இல்லையென்றால் அடுத்தது ஓடைப் பள்ளம்.

மூன்று மாதமாக ராத்திரியில் வந்த கிணறுதான். வரவேண்டிய தூக்கம் பாயில் வராமல், தேங்காய் மட்டையில் வராமல், ஸ்டியரிங்கில் வந்திருந்தது.

பின்னால் கூப்பாடு. இரண்டாவது சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த வெங்கடேஸ்வரிக்கு முன் கம்பியில் இடித்து உதடு கிழிந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை, பத்தொன்பது வயது. ரத்தத்தைத் தாவணியில் பிடித்துக்கொண்டு, என்ன நடந்தது என்று தெரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"நாயி குறுக்க விழுந்துருச்சு," என்றாள் குருவம்மாள், யாரும் கேட்பதற்கு முன்னால். "எவ முழிச்சிருந்தீக, பாக்க? எல்லாவளும் பொணமாட்டம் கெடந்துட்டு இப்ப கத்துதீக."

கூமாப்பட்டியில் கடைசி ஆள் இறங்கினபின் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். நாய் என்று பொய் சொன்னதற்குத் தனுஷ்கோடி நன்றி சொல்ல வாயெடுத்தான்.

"ஏலே, மூடு. நாயி நீதான்."

அவன் தலையைக் குனிந்தான்.

"வளைவு வாரதுக்கு ரெண்டு பர்லாங்கு முந்தியே ஒங் காலு பிரேக்குல கெடக்கு. அந்தப் புல்லுக்கட்டுக்காரன் வந்த நாள்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நான் எதுக்கு முன்னால வந்து ஒக்காந்து தொண்டத் தண்ணி வத்த பேசுதேன்னு நெனச்ச? ஒம் மொகரக்கட்ட அழகப் பாக்கவா?"

"அக்கா, நாளைக்கு சரியாப் போயிரும்."

"எம்புட்டு நாளைக்கு? எட்டு மணி நேரம் மிஷினு சத்தத்துல நின்னுட்டு வாரேன். எனக்கு கெடைக்கிற தூக்கமே இந்த வண்டியில கெடைக்கிறதுதாம்லே. வீட்டுல கெடைக்குன்னா நெனச்ச? அதையும் ஒனக்கு தூக்கிக் குடுத்துட்டேன். போதும். நாளைக்கு நான் பேசமாட்டேன். நான் தூங்கப் போறேன்."

தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சட்டியின் பக்கம் நசுங்கி ஒரு சொட்டை விழுந்திருந்தது.

சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுவாளோ என்றுதான் அன்று ராத்திரி முழுக்க யோசித்தான். அப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று ஏழெட்டுப் பதில் தயார் செய்தான். விடியும்போது எல்லாப் பதிலும் கையில் இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேனுக்கு வந்தாள், எஞ்சின் பெட்டியைத் தாண்டினாள், கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னல் ஓரம் சாய்ந்து, சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். வத்திராயிருப்பில் எஞ்சினை அணைத்து நிறுத்தியபோது காத்திருந்தவர்களும் ஏறினார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். வெங்கடேஸ்வரி வீங்கின உதட்டோடு அதே இரண்டாவது சீட்டில் உட்கார்ந்தாள். முன் கம்பியில் ஒரு துண்டை மடித்துச் சுற்றினாள். உதடு மறுபடியும் இடித்தால் வலிக்கக் கூடாது என்று. பிறகு அவளும் கண்ணை மூடினாள்.

தனுஷ்கோடி கண்ணாடியில் பார்த்தான். அந்தத் துண்டைத்தான் பார்த்தான். இந்த வண்டியில் ஏறக் கூடாது என்று அவளுக்குத் தோன்றவில்லை, கம்பியில் துண்டு சுற்றத்தான் தோன்றியிருக்கிறது. கடைசி சீட்டில் குருவம்மாள் நிஜமாகவே தூங்கிவிட்டாள். தலைப்பு மூச்சுக்கு ஏறி இறங்கியது. வண்டிக்குள் முழித்திருப்பது இவன் ஒருவன். அதுவும் எத்தனை நிமிடத்துக்கு என்று இவனுக்கே தெரியாது.

சாவியைத் திருகவில்லை. உருவிக்கொண்டு கீழே இறங்கினான்.

டயரா, டீசல் இல்லையா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயில் எச்சில் இல்லை.

"எனக்கு தூக்கம் வரல," என்றான். "மூணு மாசமா வரல. நேத்து நாயி எதுவும் வரல. நான்தான் கண்ண மூடிட்டேன். நான் ஓட்டமாட்டேன்."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பிடித்துக்கொண்டார்கள். அவன் இத்தனை நாள் எதற்குப் பயந்தானோ அது முழுசாக நடந்தது. நேற்றே சொல்வதற்கு என்ன கேடு என்றாள் ஒருத்தி. கொன்று புதைத்துவிட்டுச் சொல்லியிருப்பான் என்றாள் அடுத்தவள். வயலில் இறங்கி நாலு நாள் மண்வெட்டி பிடித்தால் தூக்கம் தானாக வரும் என்று அவனுக்கே வைத்தியம் சொன்னாள் ஒரு கிழவி. பெண்டாட்டியைத் தாலாட்டுப் பாடச் சொல் என்று யாரோ சொல்ல, சிரிப்பு வேறு. அவன் அம்மாவையும் அப்பாவையும் தொட்டு வைதார்கள். ஷிப்டு போய்விடும் என்பதுதான் எல்லார் கோபமும். டீக்கடையில் நின்றவர்கள் கிளாசோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். குருவம்மாள் முழித்து, தலைப்பை விலக்கி, ஒரு தடவை பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

தனுஷ்கோடி எல்லாவற்றையும் நின்று வாங்கினான். நடுவில் ஒரு விஷயம் கவனித்தான். வலது கால் விறைக்கவில்லை.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். அவரும் தன் பங்குக்கு வைதார். வேறு டிரைவர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனபோது வெயில் ஏறியிருந்தது. பெண்களுக்கு அரை ஷிப்டு போயிற்று.

வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனான். கூட்டிப்போகிறேன் என்ற மாரிக்கனியை வேண்டாம் என்றுவிட்டான். வராண்டாவில் பெஞ்சு. தலைவிரி கோலமாக நாலு பேர் சங்கிலியோடு இருப்பார்கள் என்று நினைத்தான். கைப்பையோடு ஒரு டீச்சரம்மா, வேட்டி மடித்துக் கட்டிய ஒரு விவசாயி, யூனிஃபார்ம் கழற்றிய போலீஸ்காரர் மாதிரி கிராப்பு வெட்டிய ஒருவர். எல்லோரும் ரேஷன் கடைக்கு வந்த மாதிரி சலிப்போடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், சுவரைப் பார்த்தபடி, தலையில் இவனை மாதிரியே துண்டு போட்ட ஒரு பெரிய உருவம். அந்த வயிற்றை வைத்தே தெரிந்துவிட்டது.

"என்னண்ணே," என்றான் தனுஷ்கோடி. "கேதமா?"

சேதுபதி மெதுவாகத் திரும்பினார். "ஆமா. நீ?"

"பல்லு வலி."

"பல்லு டாக்டர் அந்தக் கட்டடம்லே."

இரண்டு பேரும் எதிரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீசைப் படித்தார்கள். படித்து முடித்து மறுபடியும் படித்தார்கள்.

"எத்தன வருசமாண்ணே கேதம்?"

"அது ஆச்சு, ஆறு வருசம். லாரி ஓட்டுற காலத்துல ஆரம்பிச்சது." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நீ அந்த மொதலாளி மருமகன் கூத்து கட்டுவேல்ல, டீக்கடையில. டப்பாவத் தொறந்து. நான் மாத்திர எம் பையில இருக்கும்போதே சிரிப்பேன். எல்லாரவிட சத்தமா சிரிக்கணும்லா."

தனுஷ்கோடி, மரத்தடியில் அவர் குறட்டைக்குத் தான் பொய்த் தாளம் போட்டதைச் சொன்னான். அதற்கு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். டீச்சரம்மா திரும்பி முறைத்தாள்.

டாக்டர் சின்னப் பெண். அவன் வேனின் கிளட்ச் பிளேட்டுக்கு அவளைவிட வயது கூட இருக்கும் என்று தோன்றியது. இதுவா நமக்கு வைத்தியம் பார்க்கும் என்று இளக்காரமாகத்தான் உட்கார்ந்தான். அவள் கேட்ட கேள்வியெல்லாம் மாரிக்கனியே கேட்கக்கூடியவை. டீ எத்தனை, படுத்தால் என்ன நினைப்பு வருகிறது, நெஞ்சு எப்படி அடிக்கிறது. தேங்காய் உரித்ததைப் பெருமையாகச் சொன்னான். அவள் எழுதுவதை நிறுத்தினாள். உழைத்துக் களைத்தால் தூக்கம் வரத்தான் செய்யும், ஆனால் பயந்த உடம்பை அடித்துத் தூங்க வைக்க முடியாது, மேலும்தான் முழிக்கும் என்றாள். யார் இந்த வைத்தியம் சொன்னது என்று கேட்டாள்.

"எங்கப்பா. பொதி தூக்குனவரு. பொதி மேல சாஞ்சாருன்னா அம்புட்டுத் தூக்கம் தூங்குவாரு."

"ராத்திரி?"

அவன் வாயைத் திறந்தான். ராத்திரி அப்பா தூங்கி அவன் பார்த்ததில்லை. ஒன்றுக்குப் போக எப்போது எழுந்தாலும் வாசலில் பீடி நெருப்பு இருக்கும். விறகு அடுக்கிய அன்றும் அதுதான் இருந்தது. இத்தனை வருடம் அதை ஒரு விஷயமாகவே அவன் நினைத்ததில்லை.

"தெரியல மேடம்," என்றான்.

மாத்திரை கொடுத்தாள். மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று காட்டினாள். அது அவனுக்குச் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. தூக்கம் சரியாகி, தான் பார்த்துச் சொல்லும்வரை வண்டி எடுக்கக் கூடாது, தேங்காயும் கூடாது என்றாள். அடுத்த மாதம் வரவேண்டும். அதற்கு இவன் என்ன பொய் சொல்வது என்று வெளியே வந்து சேதுபதியிடம் கேட்டான். நீதான் உலகத்துக்கே சொல்லித் தொலைத்துவிட்டாயே, உனக்கு எதற்குக் கேதம் என்றார் அவர்.

மில்லில் டிரைவர் வேலையைப் பிடுங்கிக்கொண்டு, கழிவுப் பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை கட்டப் போட்டார்கள். கூமாப்பட்டி வேனுக்குச் சேதுபதி வந்தார். தனுஷ்கோடி அதே வேனில், வேலையாளாக, போய் வர வேண்டும். பெண்கள் யாரும் அவனைப் பக்கத்தில் உட்கார விடவில்லை. எஞ்சின் பெட்டிதான் மிச்சம். முதல் பத்து நாளும் ஒவ்வொரு வளைவுக்கும் கால் விறைத்துத் தரையை மிதித்தது.

"தம்பி, எங்கிட்ட ஒரு பிரேக் இருக்கு. அது போதும்," என்றார் சேதுபதி.

பின்னாலிருந்து பெண்கள் தினமும் கேட்டார்கள், டிரைவர் சார் நேற்று தூங்கினாரா என்று. சில நாள் தூங்கினான், மூன்று மணி நேரம். சில நாள் இல்லை. இல்லை என்றால் இல்லை என்றே சொன்னான். சொல்லச் சொல்ல அவர்களுக்குக் கேலி சலித்துப்போயிற்று. வெங்கடேஸ்வரி உதட்டில் ஒரு கோடு நின்றுவிட்டது. அவள் மட்டும் எதுவும் கேட்பதில்லை. கம்பியிலிருந்து துண்டையும் அவிழ்க்கவில்லை.

ஆடிக் காற்று அடிக்கிற ஒரு காலையில், கிருஷ்ணன்கோவில் வளைவு வருகிறதே என்று காலைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தான். வளைவு வரவில்லை. யாரோ விலாவில் குத்தினார்கள். கண் திறந்தால் மில் கேட். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. சேதுபதி எஞ்சினை அணைத்துவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாக அவனைத் தாண்டி இறங்கினார்கள், ரோட்டில் கிடக்கிற சாக்கைத் தாண்டுகிற மாதிரி. கடைசியாக வந்த குருவம்மாள், தூங்கி வீங்கின முகத்தோடு, சொட்டை விழுந்த தூக்குச்சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கோழிக்கூண்டுன்னு சொன்னேல்ல எங்கள," என்றாள். "வாயத் தொட. கோழி எச்சி ஒழுகுது."

அவன் புறங்கையால் வாயைத் துடைத்தான். ஷிப்டு சங்கு ஊதியது. இறங்கிக் கிட்டங்கிக்கு நடந்தான்.